புது சி.இ.ஓ. வந்தால் ஆபீஸ் மாறுமா?

கேள்வி: எங்களுடையது பெரிய நிறுவனம். புதிதாக வந்திருக்கும் சி.இ.ஓ., 'பயப்படாமல் பேசுங்கள்' என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பியிருக்கிறார். சுவரெல்லாம் அதே வாசகம். நம்பலாமா?

பதில்: சுவரைப் பார்க்காதீர்கள். கெட்ட செய்தியை முதலில் கொண்டுபோகிறவர் என்ன ஆகிறார் என்று பாருங்கள், ஏனென்றால் மொத்த ஆபீஸும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும்.

2006-ல் போயிங்கிலிருந்து ஃபோர்டுக்குத் தலைவராக வந்தார் ஆலன் முலாலி. வாராவாரம் மீட்டிங், ஒவ்வொரு வேலைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுக் காட்ட வேண்டும். வந்ததெல்லாம் பச்சை! கம்பெனியோ அந்த வருஷம் 1,200 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். சிக்கலை ஒப்புக்கொண்டால் தன் தலைதான் உருளும் என்று பழகிப்போனவர்கள் வேறு எந்த நிறத்தைப் போடுவார்கள்? கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற உயரதிகாரி மட்டும், எட்ஜ் காரின் பின்கதவில் கோளாறு, காரை வெளியே விட முடியாது என்று சிவப்பைக் காட்டினார். இவர் கதை முடிந்தது என்று மற்றவர்கள் நினைத்திருக்க, முலாலி கைதட்டினார். யாரால் உதவ முடியும் என்றும் கேட்டார். அப்புறம் மற்றவர்களும் மெல்ல நிறம் மாற்றினார்கள். 2014-ல் முலாலி ஓய்வுபெற்றபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தது இதே ஃபீல்ட்ஸ்தான்.

கேள்வி: அப்படியென்றால் எல்லாமே தலைவர் கையில்தானா?

பதில்: பாதிதான். மைக்ரோசாஃப்டை சத்யா நாதெல்லா மாற்றினார் என்கிறோம், சரி. ஆனால் ஒவ்வொரு டீமிலும் சிலரைக் கட்டாயமாகக் கடைசி வரிசையில் தள்ளும் மதிப்பீட்டு முறை அங்கே 2013 நவம்பரிலேயே கைவிடப்பட்டது, அவர் பொறுப்பேற்றது 2014 பிப்ரவரியில். பக்கத்து சீட்காரர் தோற்றால்தான் எனக்கு நல்ல ரேட்டிங் என்ற விதி இருக்கும்வரை, எவ்வளவு தங்கமான தலைவர் வந்து ஒற்றுமை பற்றிப் பேசினாலும் எடுபடாது. இன்னொன்று, அதே 2014 ஜூலையில்தான் 18,000 பேர் வரை வேலைநீக்கம் என்று அறிவித்தார்கள். நல்ல சூழல் வேறு, வேலைக்கு உத்தரவாதம் வேறு.

கேள்வி: நான் சாதாரண டீம் லீடர். மேலே மாறும்வரை காத்திருக்கவா?

பதில்: வேண்டாம். உங்கள் டீமில் ஒருவர் 'இந்தத் தேதிக்கு முடியாது' என்றால் 'ஏன் முன்னாடியே சொல்லவில்லை' என்று ஆரம்பிக்காமல், எங்கே தடங்கல் என்று கேளுங்கள். தேதியை மாற்ற வேண்டுமானால் மேலிடத்தில் நீங்களே போய்ப் பேசுங்கள். திட்டு விழலாம்தான், அதற்கும் சேர்த்துத்தானே உங்களுக்குச் சம்பளம்!