கையில் காசில்லாமல் தவக்காலத்தில் என்ன செய்வது?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் பிஜி வாசம், சம்பளத்தில் முக்கால்வாசி ஊருக்குப் போய்விடுகிறது, புதன் மட்டும்தான் லீவு, இதில் ஈஸ்டருக்கு முந்தைய இந்த நோன்புக் காலத்தில் எப்படி இரக்கச் செயல் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தம்பி, திருச்சபை சொல்கிற 14 இரக்கச் செயல்களில் (உடலுக்கு 7, ஆன்மாவுக்கு 7) பணம் இருந்தால்தான் முடியும் என்பவை கொஞ்சம்தான். நோயாளிகளைச் சந்திப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தமிழும் ஓரளவு கன்னடமும் தெரியும் என்கிறீர்கள். அது பெரிய சொத்து. ஓசூர் ரோட்டில் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை, நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை இரண்டுக்கும் தமிழ்நாட்டிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். மஞ்சள் பையில் ஸ்கேன் கவரை வைத்துக்கொண்டு, எந்தக் கவுண்டர் என்று கேட்கக்கூட மொழி தெரியாமல் நிற்பவர்களுக்கு வரிசை காட்டுங்கள், படிவம் நிரப்பிக் கொடுங்கள், மருந்துக்கடை வரை கூடப் போங்கள். வைத்திய ஆலோசனை மட்டும் வேண்டாம். வார்டுக்குள் போவதென்றால் அனுமதி கேட்டுப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமா? உங்கள் பங்குக் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் நோன்பு) நாளில் மிச்சமாகும் சாப்பாட்டுக் காசு அங்கே ஒருவருடைய டீ, பன்னுக்கு ஆகும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். தர்மத்தை மறைவாகச் செய்யுங்கள் என்று மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்.

அப்புறம், அறைத்தோழரோடு பேச்சில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மன்னிப்பதும் அந்தப் பதினான்கில் ஒன்று. மருத்துவமனைக்குப் போகுமுன் அவரிடம் பேசிவிடுங்கள்.