விசேஷித்த காரியம்

அண்ணா, ஸ்தோத்திரம். ஆம்பூர் பக்கத்துல இருந்து எழுதறேன். ஷூ கம்பெனியில தையல் வேலை, வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டறார். மூணு இடத்துல குரூப் லோன் இருக்கு, மூணாவது அவருக்குத் தெரியாது. தவணை கட்டற செவ்வாய்க்கிழமை வந்தாலே வயித்தைக் கலக்குது, ராத்திரி தூக்கம் இல்ல. தினமும் பிலிப்பியர் 4:6 வாசிக்கறேன், கவலை போக மாட்டேங்குது. என் விசுவாசம் குறைவா? மாமியார் நாற்பது நாள் உபவாசம் இருக்கச் சொல்றாங்க. தூக்கத்துக்கு டாக்டர்கிட்ட போனா அவிசுவாசமா? இந்த மாதிரி அன்றாடப் போராட்டத்துக்கு காலையில எந்தப் பகுதி வாசிக்கணும், எந்த மொழிபெயர்ப்பு நல்லது? சபையில 'ஒரு விசேஷித்த காரியத்துக்காக'ன்னு ஜெபக்குறிப்பு கொடுத்திருக்கேன்.

– ஒரு வாசகி

அன்பு தங்கச்சி,

அண்ணான்னு எழுதிட்டதால நீன்னே கூப்பிடறேன். எனக்கு வர்ற எல்லாக் கடிதத்துக்கும் பதில் எழுத முடியறதில்ல, உன்னோட கடைசி வரிதான் என்னை உட்கார வச்சிடுச்சி. போன ஞாயிறு ஆராதனையில ஜெபக்குறிப்புச் சீட்டு வாசிச்சாங்க, பதினொரு சீட்டுல ஏழு 'விசேஷித்த காரியம்'. எனக்கு அங்கயே மனசு பொறுக்கல. பக்கத்துல உட்கார்ந்திருக்கறவனுக்கு என்ன வலின்னு தெரியாமலே நாங்க எல்லாரும் கண்ணை மூடி ஆமென் சொல்லிட்டு வந்துட்டோம்.

முதல்ல சின்ன விஷயங்களை முடிச்சிடறேன். மொழிபெயர்ப்பு எதுவா இருந்தாலும் சரி, உன் வாய்க்கு எது பழக்கமோ அதை வாசி. உபவாசம் வேணாம், எட்டு மணி நேரம் மெஷின்ல உட்கார்றவ நாற்பது நாள் பட்டினி கிடந்தா மயங்கி விழுவே, மாமியார்கிட்ட நான் சொன்னேன்னே சொல்லு. டாக்டர்கிட்ட தாராளமா போ. நம்ம வேலூர் பாகாயத்துல சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல ஆஸ்பத்திரி 1957ல இருந்து நடக்குது, அதை நடத்தறவங்களும் ஜெபம் பண்றவங்கதான். அங்க ஆரம்பத்துல இருந்தே ஒரு பழக்கம், அட்மிட் ஆனவங்களோட வீட்டு ஆளும் கூடவே தங்கணும். இதை ஞாபகம் வச்சிக்கோ, நான் சொல்ல வர்றதும் கிட்டத்தட்ட அதுதான்.

விசுவாசம் குறைவான்னு கேட்டே. பவுல் அந்த நிருபத்தை எழுதும்போது காவல்ல இருக்கார். 'ஒன்றுக்குங் கவலைப்படாமல்'னு எழுதின அதே அதிகாரத்துல கொஞ்சம் கீழ இறங்கிப் பார், எப்பாப்பிரோதீத்துன்னு பிலிப்பி சபை ஆள் கையில நீங்க கொடுத்தனுப்பினது வந்து சேர்ந்துச்சு, தெசலோனிக்கேயில இருந்தப்பவும் ஒண்ணு ரெண்டு தரம் அனுப்பினீங்கன்னு கணக்கோட எழுதறார். அது பணம் வந்ததுக்கான ரசீது தங்கச்சி! நாம ஆறாம் வசனத்தை மட்டும் கத்தரிச்சி காலண்டர்ல ஒட்டிக்கிட்டோம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுத்து பர்ஸ்ல வச்சிக்கிட்டு வருஷம் பூரா அதைத் தாயத்து மாதிரி தடவிக்கிட்டு இருக்கறோமே, அதுவும் இந்தக் கத்தரிக்கோல் வேலைதான். வசனம் மேல எனக்குக் கோபம் இல்ல, கத்தரிக்கோல் மேலதான் கோபம்.

இப்போ உன்னைத் திட்டணும். மூணாவது லோன் வீட்டுக்காரருக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கியே, உன் குரூப்புல இருக்கற அத்தனை பொம்பளைங்களுக்கும் தெரியும், சென்டர் மீட்டிங்குக்கு நோட்டைத் தூக்கிக்கிட்டு வர்ற பையனுக்குத் தெரியும், நீ கட்டலைன்னா பக்கத்து வீட்டுக்காரி கட்டணும்னு அவளுக்கும் தெரியும், ஒரே பாய்ல படுக்கற மனுஷனுக்குத் தெரியாதா? அவர் ராத்திரி பகலா வண்டி ஓட்டறது உனக்காகவும்தானே. ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லிட்டேன்னு சொல்லாதே, ஆண்டவருக்கு உன் மூணு லோனும் ஏற்கனவே தெரியும்.

எங்க அம்மாவும் இப்படித்தான். 1986, குடியாத்தம், நான் எட்டாவது படிக்கறேன். அப்பா பேரணாம்பட்டு டேனரி வேலையில இருந்து இருமலோட வீட்டுக்கு வந்துட்டார். அம்மா பீடி சுத்தறாங்க, அதுல எவ்ளோ வரும். தண்டல் வாங்கினாங்க, வீட்டுக்கே வந்து வசூல் பண்ற வட்டிக் கடன். சாயங்காலம் தண்டல்காரர் சைக்கிள் பெல் சத்தம் தெரு முனையில கேட்டதும் விளக்கை அணைச்சிட்டு நாங்க நாலு பேரும் மூச்சு விடாம உட்கார்ந்திருப்போம். ஒரு போதகர் வந்து 'வீட்டுல பாவம் ஏதாவது மறைஞ்சிருக்கும், அறிக்கை பண்ணுங்க'ன்னுட்டு போனார். அன்னைக்கு அம்மா சாப்பிடல. சபையில அம்மா கொடுத்த ஜெபக்குறிப்பு என்ன தெரியுமா? ஒரு விசேஷித்த காரியம்.

அப்புறம் ஒரு நாள் எங்க சபை பைபிள் உமன் (வீடு வீடாப் போய் வேதம் சொல்ற ஊழியக்காரி) வந்தாங்க, ரிட்டயர் ஆன வயசான அம்மா, வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை. வந்தவங்க பீடி இலையைத் தள்ளிட்டு தரையில உட்கார்ந்து, பைபிளைத் திறக்காம கேட்டாங்க.

“விசேஷித்த காரியம்னா இன்னா? கல்யாணமா, கருமாதியா? எவ்ளோம்மா?”

அம்மா வாயைத் திறக்கல. அவங்களும் கிளம்பல. ரொம்ப நேரம் கழிச்சி அம்மா ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல, அவங்க எங்க அம்மா பைபிளையே வாங்கி கடைசி வெற்றுப் பக்கத்துல என் பென்சிலால எழுதினாங்க. அரிசிக் கடை 310, சீட்டு 480, தண்டல் 1,550. மொத்தம் 2,340 ரூபாய். எழுதி முடிச்சதும் அம்மா ஓன்னு அழுதாங்க, ஆனா அன்னைக்கு ராத்திரி தூங்கினாங்க, குறட்டைச் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. தண்டல்ல வாங்கினதே ஆயிரம்தான், அதுக்கு ஏற்கனவே ஆயிரத்து நானூறுக்கு மேல கட்டியாச்சுன்னு அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிஞ்சது. மறுநாள் சபை மூப்பர் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு அவங்களே தண்டல்காரர்கிட்ட போய் 600 ரூபாய்க்குப் பேசி முடிச்சாங்க, அதுவும் தவணையில.

அதோட விடல. பெண்கள் ஐக்கிய சங்கத்து பிடி அரிசி மூணு மாசம் எங்க வீட்டுக்கு வந்துச்சு. எங்க அடுப்பாண்டையும் பிடி அரிசி டப்பா இருந்துச்சு, ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டவங்க எங்க அம்மா, அவங்க வீட்டுக்கே அந்த அரிசி வருதுன்னா எவ்ளோ கூனிக் குறுகிப் போயிருப்பாங்க. அதுல புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்திருக்கும், ஒரே பதத்துல வேகாது, ஒண்ணு குழைஞ்சிருக்கும் ஒண்ணு நறுக்குன்னு கடிபடும். அதை மாதிரி ஒரு சோறு நான் அப்புறம் சாப்பிடல.

பெரியவன் ஆன பிறகுதான் 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தை ஒழுங்கா வாசிச்சேன், வாசிச்சா அந்த பைபிள் உமன் அம்மா செஞ்சது அப்படியே இருக்கு. ஒரு விதவை, புருஷன் தீர்க்கதரிசிங்க கூட்டத்தைச் சேர்ந்தவன், கர்த்தருக்குப் பயந்து நடந்தவன், ஆனாலும் கடன் வச்சிட்டுச் செத்துட்டான் (கடன் இருக்கற வீட்டுல பாவம் தேடற போதகருங்க இந்த வரியை எப்படித் தாண்டிப் போறாங்களோ). கடன்காரன் ரெண்டு பிள்ளைங்களையும் அடிமையாக்க வந்து நிக்கறான்னு அவ எலிசா தீர்க்கதரிசிகிட்ட ஒளிக்காம சொல்றா. எலிசா உடனே முழங்கால் போடலையே! உன் வீட்டுல என்ன இருக்குதுன்னு கேட்கறார். ஒரு குடம் எண்ணெய். சரி, அயல்வீட்டுக்காரங்க எல்லார்கிட்டயும் போய் வெறும் பாத்திரம் கேட்டு வாங்கு, நிறைய வாங்குன்றார். எதுக்கு இத்தனை பாத்திரம்னு ஒருத்தியாவது கேட்டிருக்க மாட்டாளா? அந்தத் தெரு முழுக்க அவ நிலைமை தெரிஞ்ச பிறகுதான் கதவைப் பூட்டிக்கிட்டு எண்ணெய் வார்க்கறா. பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெய் நின்னுடுச்சு. அப்புறமும் வித்துக் கடனைக் கட்டுன்னுதான் சொல்றார்.

நம்ம ஊர்லயே பார். சிஎம்சியை ஆரம்பிச்ச டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா கதையை வேலூர்ல யார் சொன்னாலும் மனைவி பிரசவத்துக்கு உதவி கேட்டு ராத்திரி மூணு பேர் வந்து கதவைத் தட்டினதோட நிறுத்திடுவாங்க. படிச்சி முடிச்சி இந்தியா திரும்பறதுக்கு முன்னாடி அமெரிக்காவுல ஆஸ்பத்திரிக்காகப் பணம் கேட்டாங்களே, 8,000 டாலர் வேணும்னு தொகையைச் சொல்லித்தான் கேட்டாங்க. ஷெல்னு ஒரு பேங்கர் இறந்துபோன மனைவி பேர்ல 10,000 டாலர் கொடுத்தார், 1902ல ஆஸ்பத்திரி திறந்துச்சு, ஆரணி ரோட்டு கண் ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கும் அந்தப் பேர்தான். 'விசேஷித்த காரியம்'னு கேட்டிருந்தா என்ன கிடைச்சிருக்கும்?

உன் விஷயத்துக்கு வர்றேன். ரிசர்வ் பேங்க் 2022ல போட்ட விதிப்படி குடும்ப மாச வருமானத்துல பாதிக்கு மேல தவணைக்கே போற மாதிரி லோன் கொடுக்கக் கூடாது, காலையில 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது. மூணு பாஸ்புக்கையும் எடுத்து வச்சிக்கிட்டு வீட்டுக்காரரோட உட்கார்ந்து கூட்டிப் பார். உங்க சபையில கணக்கு தெரிஞ்ச ஆள், வாயை அடக்கற ஆள் ஒருத்தராவது இருப்பார், ரெண்டு பேரும் சேர்ந்து போய் அவரைப் பாருங்க. எல்லார் முன்னாடியும் மைக்ல சொல்லச் சொல்லல, ஒருத்தர்கிட்ட சொல்லு.

காலையில எந்தப் பகுதின்னு கேட்டிருந்தே இல்ல, 2 இராஜாக்கள் 4, முதல் ஏழு வசனம். வாசிக்கும்போது பக்கத்துல பென்சில் வச்சிக்கோ. அடுத்த செவ்வாய்க்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லிடும்மா. சொன்ன பிறகு எனக்கும் எழுது, எவ்ளோன்னு.