விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று எழுதலாமா?

காவலர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராகவும் தேர்வு வாரிய உறுப்பினராகவும் பணியாற்றி ஓய்வுபெற்ற அதிகாரி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: காவலர் பணிக்கான எழுத்துத் தேர்விலும் உடற்தகுதித் தேர்விலும் தேறிவிட்டேன். கல்லூரியில் நடந்த ஒரு கைகலப்பில் என் மீதும் வழக்குப் பதிவாகி, பிறகு விடுதலையானேன். விண்ணப்பத்தில் ‘வழக்கு ஏதேனும் உண்டா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதச் சொல்கிறார்கள் நண்பர்கள். எழுதலாமா?

பதில்: கூடாது, தம்பி. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வழக்கு எண், தேதி, தீர்ப்பின் நகல் எல்லாவற்றையும் இணையுங்கள். வேலை கட்டாயம் கிடைக்கும் என்று நான் வாக்குத் தர முடியாது. குற்றச்சாட்டின் தன்மையைப் பார்த்து நிராகரிக்கவும் கூடும். ஆனால் பழைய கைகலப்பைப் பொறுத்துக்கொள்ளும் வாரியம்கூட, அதை மறைத்ததைப் பொறுத்துக்கொள்வது அரிது. நாளை நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சாட்சி சொல்லப்போகிறவர் நீங்கள். உங்கள் சொல்லை நம்பி ஒருவர் சிறைக்குப் போவார்.

ஒரு நேர்காணல் நினைவுக்கு வருகிறது. விண்ணப்பத்தில் இடம் போதாமல் ஓர் இளைஞன் தனித்தாளை இணைத்திருந்தான். சண்டையில் முதலில் கை ஓங்கியது தான்தான் என்றும் எழுதியிருந்தான். “இதை எழுதாமல் விட்டிருக்கலாமே?” என்று கேட்டேன். “அடிபட்டவனைக் கேட்டால் இதைத்தானே சொல்வான், ஐயா” என்றான். அன்று நான் அதிக மதிப்பெண் போட்டது அவனுக்குத்தான்.

கேள்வி: காவல் துறையில் ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். நன்னடத்தை விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்காமல் சீக்கிரம் ஆள் எடுத்தால் என்ன? அது வெறும் சடங்குதானே? (ஓர் ஆசிரியை)

பதில்: சடங்காக நடத்தினால் சடங்குதான், அம்மா. அப்படி நடத்தியதன் விலையை அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் கொடுத்தது. குற்றங்கள் பெருகியிருந்த நேரம்; உடனே ஆள் எடுக்காவிட்டால் நிதி கிடையாது என்று அந்நாட்டு நாடாளுமன்றம் நெருக்கியது. 1989, 1990 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுமார் 1,500 பேரைச் சேர்த்தார்கள். பின்னணி விசாரணை அவசர கதியில் முடிந்தது. அந்த அணியில் சேர்ந்தவர்களில் பலர் பின்னாளில் குற்ற வழக்குகளில் தாங்களே கைதானார்கள்.

எனக்கும் இதில் ஒரு பாரம் உண்டு. ஒருமுறை ஒரே வாரத்தில் நாற்பது வீடுகளுக்கு விசாரணைக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு விண்ணப்பதாரரின் பக்கத்து வீட்டில் நடுவயதுப் பெண் கதவைப் பாதி திறந்தார். “பையன் எப்படி?” என்றேன். முந்தானையால் கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார். “நல்ல பையன்தான்” என்றார், தரையைப் பார்த்தபடி. படியிறங்கும் முன்பே ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிவிட்டேன். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, புகார் கொடுக்க வந்த ஒரு பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டதற்காக அவன் பணிநீக்கம் செய்யப்பட்டான். அன்று அந்த வாசலில் இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால், இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் என்று எத்தனையோ இரவுகள் நினைத்திருக்கிறேன். புகார் கொடுத்த பெண்ணின் பெயர் எனக்கு மறக்கவில்லை.

சீக்கிரம் எடுப்பதே குற்றம் என்று சொல்லவில்லை. 2004இல் ஜார்ஜியா நாடு, லஞ்சத்தில் ஊறிப்போன போக்குவரத்துக் காவல் பிரிவையே ஒட்டுமொத்தமாகக் கலைத்துவிட்டுப் புதிய ரோந்துக் காவலர்களை நியமித்தது, சம்பளத்தையும் உயர்த்தியது. சாலையில் கை நீட்டும் வழக்கம் வெகுவாகக் குறைந்தது. நார்வேயில் காவலராக மூன்று ஆண்டு பட்டப்படிப்பு முடிக்க வேண்டும். எப்படி எடுத்தாலும், ஓட்டத்தையும் உயரத்தையும் அளக்கிற அக்கறையில் பாதியாவது குணத்தை அறிவதில் காட்ட வேண்டும். 1990இல் ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்றுக்கொண்ட ஆயுதப் பயன்பாட்டுக் கோட்பாடுகள், தேர்வாகிறவரிடம் உடல்தகுதியோடு ஒழுக்கத் தகுதியும் மனத்தகுதியும் இருக்க வேண்டும் என்கின்றன.

கேள்வி: பணியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஒருவரைக் காலையில் பிடித்துவந்தோம். கைது செய்த நேரத்தைச் சில மணி நேரம் தள்ளி எழுதச் சொன்னார் மேலதிகாரி. “பள்ளியில் படித்ததையெல்லாம் மறந்துவிடு” என்கிறார் மூத்த காவலர். என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

பதில்: புரிகிறது, தம்பி. அந்த வாக்கியத்தை என் மாணவர்கள் அத்தனை பேரும் முதல் வாரத்திலேயே கேட்டிருக்கிறார்கள். பள்ளியில் நாங்கள் ஊட்டியதையெல்லாம் ஒரே நாளில் துடைத்துவிடும் வாக்கியம் அது.

சில மணி நேரம்தானே என்று எண்ணாதீர்கள். நீதிபதி முன் நிறுத்த வேண்டிய கெடு, கைதான நொடியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. நீங்கள் தள்ளி எழுதும் அந்த நேரத்தில் அந்த மனிதர் எந்தக் கணக்கிலும் இல்லை. அவருக்கு எலும்பு முறிந்தாலும், மயங்கி விழுந்தாலும் ஏட்டின்படி அவர் அப்போது நிலையத்திலேயே கிடையாது. காவலில் நிகழும் கொடுமைகள் பல இப்படி ஏட்டில் இல்லாத நேரத்தில்தான் நிகழ்கின்றன.

1979இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற காவலர் நடத்தை விதிகள் எட்டே பிரிவுகள் கொண்டவை. ஒரே அமர்வில் படித்துவிடலாம். மேலதிகாரியின் உத்தரவைக் காட்டிச் சித்திரவதையை நியாயப்படுத்த முடியாது என்கிறது ஐந்தாம் பிரிவு. விதிமீறலை எதிர்க்கவும் மேலே தெரிவிக்கவும் சொல்கிறது எட்டாம் பிரிவு.

உங்கள் மேலதிகாரியைத் தனி மனிதராக மட்டும் பார்க்கவும் வேண்டாம். 1991இல் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல் துறையை ஆராய்ந்த கிறிஸ்டோபர் ஆணையம், ஐந்தாண்டுகளில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட அத்துமீறல் புகார்களுக்கு ஆளான 44 அதிகாரிகளைக் கண்டறிந்தது. அவர்களின் பணி மதிப்பீடுகளைப் புரட்டினால் பெரும்பாலும் பாராட்டுதான்! மேலே இருந்தவர்கள் பார்த்தும் பார்க்காமல் இருந்தார்கள்.

இனிச் செய்ய வேண்டியது இது. குரலை உயர்த்தாமல், “ஐயா, இதை எழுத்தில் கொடுத்தால் நல்லது” என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் பொய் நேரத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பணிக் குறிப்பேட்டில் உண்மையான நேரத்தையும், யார் என்ன சொன்னார் என்பதையும் அன்றே எழுதித் தேதியிடுங்கள். பிறகு அடுத்த நிலை அதிகாரியிடம் போங்கள். தனியாகப் போக அச்சமாக இருந்தால், நீங்கள் நம்பும் ஒரு சக காவலரோடு போங்கள். இடமாற்றம் வரலாம், சில மாதங்கள் உங்களோடு யாரும் பேசாமலும் இருக்கலாம். அந்த மாதங்களில் எனக்கு எழுதுங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போடுவேன்.