தாண்டூர் கல்லில் ஒரு பெரணி

கேள்வி: முற்றத்தில் பதிக்கத் தாண்டூர் மஞ்சள் கல் வாங்கினோம். இறக்கும்போது ஒரு பலகை தகடு தகடாகப் பிளந்துவிட்டது. பிளந்த முகத்தில் கறுப்பு மையால் வரைந்ததுபோல் பெரணி இலைகள். பிளஸ் ஒன் படிக்கும் மகள், "இது சார்னியா, விலங்குகள் தோன்றிய காலத்துப் புதைபடிவம்" என்கிறாள். கொத்தனாரோ, "எலும்பே இல்லாத பிராணி கல்லில் எப்படியம்மா பதியும்?" என்று சிரிக்கிறார். பலகையை எடுத்து வைப்பதா, பதித்துவிடுவதா? இரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறேன். (ஓசூர் வாசகி ஒருவர்)

பதில்: எடுத்து வையுங்கள், அழகாக இருக்கிறது. ஆனால் அது சார்னியா இல்லை; எந்த உயிரும் இல்லை. படங்களில் தெரிவது மாங்கனீசு ஆக்சைடு. கல்லின் நுண்ணிய பிளவுக்குள் தண்ணீர் ஊறியபோது, அதில் கரைந்திருந்த மாங்கனீசு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து கிளைவிட்டிருக்கிறது. சுவரில் ஓதம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே கதைதான், காலம்தான் நீளம். நிலவியலில் (ஜியாலஜி) இதற்கு டென்ட்ரைட் என்று பெயர்.

உங்கள் இரண்டாவது படமே இதைக் காட்டிக்கொடுக்கிறது. எல்லாப் பெரணிகளும் பலகையின் ஒரே ஓரத்திலிருந்து கிளம்பி உள்நோக்கிப் போகின்றன. பிராணிகள் விரிசலோரமாக வரிசைகட்டி நின்று சாவதில்லை. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து நுழைந்ததோ அந்தப் பக்கத்தில்தான் கறை வேர்விடும். கிளைகளுக்கும் கணக்கில்லை: ஒன்று விரல் நீளம், பக்கத்திலேயே இன்னொன்று கடுகளவு.

நம்பிக்கை வரவில்லையானால் வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். மேடோ பள்ளமோ தட்டுப்படாது. பிறகு மருந்துக்கடையில் காயத்துக்கு ஊற்றக் கொடுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, துடைத்துச் சுத்தப்படுத்திய ஒரு கிளையின் மேல் ஒரு சொட்டு விடுங்கள். மாங்கனீசு ஆக்சைடு பட்டதும் பெராக்சைடு ஆக்சிஜனைக் கக்கி நுரைக்கும். பக்கத்திலுள்ள வெறுங்கல்லிலும் ஒரு சொட்டு விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். எலுமிச்சைச் சாறு, வினிகர் எதையும் விடாதீர்கள். சுண்ணாம்புக் கல் என்பதால் எங்கே விட்டாலும் பொங்கும், சோதனைக்கு உதவாது.

மகளை இதற்காகக் கேலி செய்துவிடாதீர்கள். சார்னியாவின் கதையே நம்பப்படாத ஒரு மாணவியிடம்தான் தொடங்குகிறது. 1956இல் இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டுப் பாறையில் டீனா நீகஸ் என்ற பள்ளி மாணவி ஒரு பெரணி உருவத்தைப் பார்த்தார். புவியியல் ஆசிரியையிடம் சொன்னபோது, கேம்பிரியன் என்ற பழங்காலகட்டத்துக்கு முந்தைய பாறையில் புதைபடிவமே கிடையாது என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் ரோஜர் மேசன் என்ற மாணவரும் பார்த்தார். அவருடைய தந்தைக்கு ஒரு பல்கலைக்கழக நிலவியலாளர் பழக்கம். செய்தி போய்ச் சேர்ந்தது. 1958இல் சார்னியா மேசோனை என்று பெயரிடப்பட்டது. அந்தப் பாறைக்கு வயது சுமார் 56 கோடி ஆண்டு.

உங்கள் கல்லுக்கும் சார்னியாவுக்கும் என்ன வித்தியாசம்? சார்னியாவுக்கு ஒழுங்கு உண்டு. நடுக்கோடு வளைந்து வளைந்து போகும். இடமும் வலமும் கிளைகள் மாறிமாறிப் புறப்படும். ஒவ்வொரு கிளையும் அதே முறையில் சிறு கிளைகளாகப் பிரியும். கறுப்பு மை எதுவும் இல்லை, கல்லிலேயே மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. பெரணி போலத் தோன்றினாலும் செடி அல்ல. அது வாழ்ந்தது வெளிச்சம் எட்டாத கடலடியில்.

இப்போது கொத்தனாரின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மிகச் சிறந்த கேள்வி அதுதான். எலும்பில்லா உயிர்களின் புதைபடிவங்களை ஆராயும் துறையே அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. கடற்கரையில் ஒதுங்கும் ஜெல்லி மீனைப் பார்த்திருக்கிறீர்களா? நம் மீனவர்கள் சொறி என்பார்கள். காலையில் தட்டளவு கிடக்கும். வெயில் ஏறிய பிறகு போனால் மணலில் ஒரு ஈரப் பளபளப்பு மிஞ்சியிருந்தால் அதிகம். இந்த மாதிரி உடல் கோடிக்கணக்கான ஆண்டு நிற்க வேண்டுமானால், அழுகலுக்கு முன்னால் கனிமம் முந்திக்கொள்ள வேண்டும். முந்திக்கொண்ட வழிகள் இடத்துக்கு இடம் வேறு.

தென் ஆஸ்திரேலியாவின் எடியாக்கரா குன்றுகளில் 1946இல் ரெக் ஸ்பிரிக் என்ற நிலவியலாளர் கண்டெடுத்த உயிர்களை எடுத்துக்கொள்வோம். அந்தக் கடலடியில் நுண்ணுயிர்கள் கோரைப்பாய் விரித்ததுபோல் படலமாகப் படர்ந்திருந்தன. அதன்மேல் வட்டமும் வரியுமாக டிக்கின்சோனியா போன்ற உயிர்கள் கிடந்தன. புயல் வந்து மணலை அள்ளிக் கொட்டியது. உடல் அழுகும்போது பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளியிட்டன. அது மணலிலிருந்த இரும்போடு சேர்ந்து, உடலின் மேல் இரும்பு சல்பைடால் ஒரு முகமூடி போட்டது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். மணல் இறுகியதற்குச் சிலிக்காதான் முக்கியக் காரணம் என்போரும் உண்டு. எப்படியானாலும், உடல் கரைந்து போவதற்குள் மணல் அச்சு இறுகிவிட்டது. அதனால் அங்கே புதைபடிவங்கள் பெரும்பாலும் மணற்கல் அடுக்கின் அடிப்பக்கத்தில் இருக்கும். ஆய்வாளர்கள் பலகைகளைப் புரட்டிப் போட்டுத்தான் பார்க்கிறார்கள், அதுவும் வெயில் சாய்ந்து விழும் நேரத்தில். உச்சி வெயிலில் வெறுங்கல்லாகத் தெரிவது சாயங்காலம் வரி வரியாக எழும்பும். பின்னாளில் மண்ணைக் குடைந்து கிளறும் விலங்குகள் பெருகி நுண்ணுயிர்ப் பாய்களைக் கிழித்துவிட்டன. இந்த வழியும் அநேகமாக அடைபட்டது.

டிக்கின்சோனியா விலங்குதானா என்ற வழக்கு பல பத்தாண்டுகள் நடந்தது. ரஷ்யாவின் வெண்கடல் கரையில் எடுத்த, சுமார் 55.8 கோடி ஆண்டுப் பழைய மாதிரியில் கரிமப் படலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் கொலஸ்ட்ராலின் தடயம் கிடைத்ததாக 2018இல் அறிவித்தார்கள். அது விலங்கின் முத்திரை. மேலும் கீழும் சூழ்ந்த நுண்ணுயிர்ப் படலத்தில் வேறு வகைக் கொழுப்பு.

கனடாவின் பர்ஜஸ் ஷேல் என்ற களிப்பாறையில் வேறு வழி. 1909இல் சார்ல்ஸ் வால்காட் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்ட இடம். அவர் திரட்டியவை மட்டும் 65,000க்கு மேல். வயது சுமார் 50.8 கோடி ஆண்டு. அங்கே மணல் இல்லை, மாவுபோன்ற சேறு. சரிவில் வழுக்கி வந்த சேற்றுக் குழம்பு உயிர்களை வாரிப் புதைத்தது. ஆக்சிஜன் இல்லாததால் தப்பின என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது போதாது, ஆக்சிஜன் இல்லாமலும் அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. சேற்றின் மேல்பக்கத்தைச் சுண்ணாம்புப் படிவு சீக்கிரமே அடைத்து, அவற்றுக்கு வேண்டிய சல்பேட் உள்ளே போகாமல் தடுத்தது என்பதே இன்று வலுவான கருத்து. மிஞ்சியது மயிரிழையிலும் மெல்லிய கரிப் படலம். கையில் எடுத்துச் சாய்த்தால் வெளிச்சத்தில் வெள்ளிபோல் மின்னும்.

அந்தக் கற்களில் எனக்கு மிகவும் பிடித்தது மரெல்லா என்ற சிறு கணுக்காலி. பல மாதிரிகளில் உடலை ஒட்டி ஒரு கருங்கறை இருக்கும். அழுகத் தொடங்கிய உடலிலிருந்து கசிந்து வெளியேறிய திரவம் அது. அதாவது, அங்கேயும் அழுகல் தொடங்கிவிட்டிருந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது.

எந்த உறுப்பு முதலில் போகும் என்று அறிய, லாம்ப்ரே என்ற தாடையில்லா மீனின் குஞ்சுகளையும் ஆம்பியாக்சஸ் என்ற, மீன்போன்ற சிறு கடல்பிராணியையும் வேண்டுமென்றே மாதக்கணக்கில் அழுகவிட்டுப் பார்த்தார்கள். பிரிட்டனில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. (அந்த ஆய்வகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.) பரிணாமத்தில் பிந்தி வந்த உறுப்புகள் முந்தி அழுகின, மிஞ்சிய உடல் உண்மையில் இருந்ததைவிடப் பழைமையான வகையாகத் தோற்றம் காட்டியது. ஆகவே கல்லில் ஓர் உறுப்பு இல்லை என்பதால் அந்த விலங்குக்கே அது இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இதனால்தான் நான் எந்தக் கல்லைக் கண்டாலும், என்னவாகத் தெரிகிறது என்று கேட்பதற்கு முன், எந்த வழியாக இது இங்கே தங்கியிருக்க முடியும் என்று கேட்கிறேன். பெரிய பேராசிரியர்களும் இந்த வரிசையை மாற்றி மாட்டிக்கொண்டதுண்டு. மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகையில் 2020இல் ஒரு களப்பயணக் குழுவின் கண்ணில் பட்ட வரி வரியான உருவத்தை டிக்கின்சோனியா என்று 2021இல் ஆய்விதழில் அறிவித்தார்கள். உலகச் செய்தியானது, அந்தப் பாறையின் வயதையே மாற்றிக் கணக்கிட வேண்டியிருந்தது. பிறகு ஜோசப் மீர்ட் என்ற நிலவியலாளரின் குழுவினர் போய்ப் பார்த்தபோது அந்த 'விலங்கு' பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. மலைத்தேனீ கட்டிய கூட்டின் மிச்சம்! பாறையில் பதிந்த அச்சாக இல்லாமல் மேலே ஒட்டியிருந்த பொருள் அது. 2023இல் மறுப்பு வந்தது. முதலில் அறிவித்த ஆய்வாளரும் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி உங்களுக்கோ மகளுக்கோ உண்மையாகவே சந்தேகப்படத்தக்க கல் ஏதாவது கிடைத்தால், முதலில் கழுவவோ சுரண்டவோ வேண்டாம். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, ஒரு ரூபாய் நாணயத்தை அருகில் வைத்துப் படம் எடுங்கள். எந்தக் குவாரி, எந்த அடுக்கு, எது மேல்பக்கம் என்று எழுதி வையுங்கள். இடம் தெரியாத கல்லுக்கு ஆய்வில் மதிப்பு மிகக் குறைவு. பிறகு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடமோ அருகிலுள்ள கல்லூரி நிலவியல் துறையிடமோ காட்டலாம்.

இந்தப் பலகையைப் பதிக்கத்தான் போகிறீர்கள் என்றால், வேலை முடிந்ததும் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம் என்று கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்லின் மேற்பரப்பு கரைந்துவிடும். அதோடு மகளின் பெரணியும் போய்விடும்.