போதைப்பொருளைத் தடை செய்வதைவிட, அரசே உரிமம் கொடுத்து விற்பது நல்லதுதானே?

கேள்வி கேட்ட தம்பி கல்லூரியில் படிப்பவராக இருக்க வேண்டும். கடை திறந்துவிட்டால் கள்ளச் சரக்கு தானாக ஒழியும் என்று நம்புகிறீர்கள். பெரம்பூர்ப் பக்கம் 19 ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறேன். உரிமம் கொடுத்து விற்பது உங்களுக்கு ஒரு யோசனை. எனக்கு அதுதான் தொழில், அதனால்தான் இந்தப் பதில்.

எங்கள் பகுதிப் பையன்களைக் கெடுப்பது கஞ்சா மட்டும் அல்ல. தொழிற்சாலையில் தயாராகி, வரி கட்டி, அட்டையில் விலை அச்சடித்து வரும் வலி மாத்திரையும்தான். முன்பு டிரமடால். 2018இல் அதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு டபென்டடால் கேட்டு வர ஆரம்பித்தார்கள். இதுவும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாததுதான். ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். கையெல்லாம் புண்ணாகி, களிம்பு வாங்க அதே பையன் என் கடைக்கே வருவான்.

2022 நவம்பரில் ஒரு மழை இரவு. அதற்கு நான்கு நாள் முன்புதான் மாத்திரை தர மறுத்ததற்காக இரண்டு பேர் என் கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பத்து மணிக்குக் கடை சாத்தும் நேரத்தில், நனைந்த சட்டையோடு ஒரு பையன் வந்தான். பதினேழு வயது இருக்கும். செல்போனில் சீட்டின் படத்தைக் காட்டி டபென்டடால் இரண்டு அட்டை கேட்டான்.

"அசல் சீட்டு எங்கே?"

"அப்பாவிடம் இருக்கிறது அண்ணா. அவர் இரவு வேலைக்குப் போய்விட்டார். அம்மாவுக்குக் கேன்சர்."

"எல்லோரும் அம்மாவுக்கு என்றுதான் கேட்கிறீர்கள். போடா" என்று கத்தினேன். கடையில் நின்ற நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் மழையில் இறங்கிப் போனான்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவனுடைய அப்பா மருத்துவமனைக் கோப்போடு வந்து நின்றார். சீட்டு உண்மையானது. கர்ப்பப்பை வாயில் தொடங்கிய புற்று எலும்புக்குப் பரவியிருந்தது. பையன் அன்றிரவு இன்னும் மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறான். "விடிய விடியத் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள் சார்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஜனவரியில் அந்த அம்மா இறக்கும்வரை நானே மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பையன் ஒருநாள்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

சட்டப்படி நான் செய்தது சரி. படத்தை நம்பி மாத்திரை கொடுக்கக் கூடாது. அதைச் சொல்லி யாராவது எனக்கு ஆறுதல் கூற வேண்டாம்.

இந்தக் கதை என்னோடு முடிவதும் இல்லை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது. அப்படியிருந்தும் 1985இல் அந்தப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, உரிமத்துக்கும் வழக்குக்கும் பயந்து பல மருத்துவமனைகள், அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபினை வைத்திருப்பதையே விட்டுவிட்டன. அந்த விதிகளைத் தளர்த்த 2014 ஆகிவிட்டது. இடையில் எத்தனை வீடுகளில் எத்தனை தலையணைகள்!

அப்படியென்றால் தடையை நீக்கச் சொல்கிறேனா? இல்லை. பயன்படுத்துகிறவனைச் சிறைக்கு அனுப்பாதீர்கள் என்கிறேன். கஞ்சா புகைத்ததற்கு இன்றும் ஆறு மாதம்வரை சிறை உண்டு. சிகிச்சைக்குத் தானாக முன்வருகிறவனுக்கு வழக்கிலிருந்து விலக்குத் தர அதே சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. அதைக் கேள்விப்பட்ட ஒரு பெற்றோரை நான் இதுவரை பார்த்ததில்லை. போர்ச்சுகல் 2001இல் செய்தது இதைத்தான். சொந்தப் பயன்பாட்டுக்குப் பத்து நாள் தேவைக்குள் போதைப்பொருள் வைத்திருப்பவனை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் ஒரு குழுவின் முன் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். விற்பது அங்கே இன்னும் குற்றம்தான். நிறையப் பேர் இதைத் தெரியாமல் போர்ச்சுகலைக் கடை திறந்த நாடாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடை திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். 2003 முதல் இங்கே மது விற்பது அரசுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். டாஸ்மாக் இருந்தும் விலை கட்டுப்படியாகாதவன் பாக்கெட் சாராயத்துக்குத்தான் போனான். கடையும் இல்லாவிட்டால் இன்னும் அதிகம் பேர் செத்திருப்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கள்ளச் சரக்கு "தானாக ஒழியும்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வியாபாரப் பயத்தில் பேசுகிறேன் என்று யாராவது எழுதுவார்கள். வியாபாரம் வேறு வழியில் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறது. அட்டவணை எச் 1 என்ற கூடுதல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாம் எழுதி அந்த ரெஜிஸ்டரை நான் மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். செயலியில் ஒரு படத்தை ஏற்றினால் இருபது சதவீதத் தள்ளுபடியோடு மருந்து வாசலுக்கு வருகிறது. வாடகையும் மருந்தாளுநர் சம்பளமும் கொடுத்துவிட்டு எந்தத் தள்ளுபடியை நான் தருவது? அவசரத்துக்கு இரவு பத்து மணிக்கு மட்டும் எங்களைத் தேடி ஓடி வருகிறார்கள். கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது யாராவது செல்போனில் படம் காட்டினால் நான் கத்துவதில்லை. வீடு எங்கே என்று கேட்கிறேன். பக்கத்தில் என்றால் உதவிப் பையனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவனோடு நடக்கிறேன். அசல் சீட்டையும் படுத்திருப்பவரையும் பார்த்த பிறகு கொடுக்கிறேன். பாதி வழியில் ஓடிப்போனவர்களும் உண்டு. கடைசிவரை கூட வந்தவர்கள் இதுவரை ஆறு பேர்.