சென்னை அரண்மனைக்காரன் தெரு ஆர்மீனியக் கோயில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வாசலில் 1712 என்று எழுதியிருக்கிறது. கட்டியது 1772-ல் என்றும் படித்தேன். எது சரி? (ராயபுரம் வாசகர்)

இரண்டும் சரி. 1712 முதல் கோயிலின் ஆண்டு. அது இப்போதைய உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கம் இருந்தது. கர்நாடகப் போர்க் காலத்தில் அது அழிந்துபோனது. இன்று நிற்கும் புனித மரியன்னை ஆர்மீனியக் கோயில் 1772-ல் எழுப்பப்பட்டது. ஷாஹாமிர் ஷாஹாமிரியான் என்ற பெருவணிகரின் உதவி அதில் பெரும்பங்கு. மதராஸில் ஆர்மீனிய அச்சகம் ஒன்று தொடங்கியதும் அவர் குடும்பம்தான். அதுவும் அதே 1772-ல்.

இந்த வரலாற்றை 1712-க்கும் முன்னால் 1688 ஜூன் 22-லிருந்து தொடங்க வேண்டும். அன்று லண்டனில் கோஜா பனோஸ் கலந்தார் என்ற ஆர்மீனிய வணிகர் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். கம்பெனியின் எந்த ஊரிலாவது நாற்பது ஆர்மீனியர்களோ அதற்கு மேலோ குடியேறினால், அவர்களுக்குக் கோயில் கட்ட நிலம் தர வேண்டும். கம்பெனி தன் செலவிலேயே மரத்தில் ஒரு கோயில் கட்டித் தர வேண்டும். பிறகு கல்லில் மாற்றிக் கட்டிக்கொள்வது அவர்கள் விருப்பம். பாதிரியாருக்கு ஏழு ஆண்டுகள், ஆண்டுக்கு 50 பவுண்டு. இவ்வளவு துல்லியமாக எழுதி வாங்கியவர்கள் ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைத்த வணிகர்கள். சரக்கு, கப்பல், சுங்கம் ஆகியவற்றோடு வழிபாட்டையும் அதே தாளில் பேசி முடித்திருக்கிறார்கள்.

ஆர்மீனியர் யாருமே இல்லாத கோயிலை ஏன் முழு அருங்காட்சியகமாக மாற்றக் கூடாது? (மயிலாடுதுறை வாசகி)

சபை இல்லையே தவிர, சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கல்கத்தா ஆர்மீனியக் கோயில் நிர்வாகம்தான் இதைப் பார்த்துக்கொள்கிறது. வழக்கமான ஆராதனை நின்று பல காலம் ஆகிறது. வருகிறவர்கள் சுற்றிப் பார்க்கத்தான் வருகிறார்கள். அந்த அளவில் இது ஏற்கெனவே அருங்காட்சியகம்தான்.

உள்ளே கண்ணாடிப் பெட்டி, ஏ.சி. என்று இறங்குவதுதான் ஆபத்து. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர்கள் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து, மேற்பரப்பு வழியே வெளியே விடும். கடற்கரைப் பக்கம் என்பதால் ஈரத்தோடு உப்பும் ஏறும். ஏ.சி. அறையை உலர்த்த உலர்த்த, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரம் வரை பூச்சைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். அதைப் பார்த்துப் பதறி சிமெண்ட் பூசினால் ஈரம் அதற்கும் மேலே ஏறும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தாலும் அதே கதைதான். சரியான வழி பழையதுதான்: நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு. ஒரு பூச்சு 12 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு வாரமாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே வெள்ளை அடிப்பதும் சுண்ணாம்பில்தான்.

வெளிநாட்டில் இரண்டு விதமாகச் செய்திருக்கிறார்கள். வேல்ஸின் கார்டிஃபில் நார்வே மாலுமிகளுக்காக 1868-ல் எழுந்த மரக் கோயில் 1974-ல் மூடப்பட்டது. பிறகு அதைப் பாகம் பாகமாகப் பிரித்து, வேறு இடத்தில் சேர்த்து, 1992-ல் கலை மையமாகத் திறந்தார்கள். மரச் சட்டமும் தகடும் என்பதால் அது முடிந்தது. சுற்றிலும் கல்லறைகள் சூழ்ந்த சுண்ணாம்புக் கட்டடத்தை அப்படித் தொடவே முடியாது. சிங்கப்பூர் ஆர்மீனியர்கள் செய்ததுதான் நமக்குப் பொருந்தும். 1835-ல் கட்டிய கோயிலை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த பாதிரியார் இல்லத்தில் காட்சிக்கூடம் வைத்தார்கள். சென்னையிலும் காட்சிப்பொருளை வேறு அறைக்குக் கொண்டுபோங்கள், கோயில் கோயிலாகவே இருக்கட்டும் என்பதே நம் கருத்து.

கல்லறைக் கற்களில் ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி? எண்களையே காணோமே. (கும்பகோணம், வரலாற்று மாணவர்)

வளாகத்தில் சுமார் 350 கல்லறைகள் இருக்கின்றன. பல கற்கள் தரையோடு தரையாகப் பதிந்தவை. பழைய கற்களில் எண்ணுக்குப் பதில் ஆர்மீனிய எழுத்தே எண். முதல் ஒன்பது எழுத்துகள் ஒன்றுகள், அடுத்த ஒன்பது பத்துகள், அடுத்து நூறுகள், கடைசி ஒன்பது ஆயிரங்கள். எழுத்துகளின் மதிப்பைக் கூட்ட வேண்டும். ரா 1000, மென் 200, இனி 20, ஐப் 1. நான்கும் சேர்ந்து வந்தால் 1221. இது ஆர்மீனியர்களின் பெரிய ஆண்டுக் கணக்கு. இதோடு 551 கூட்டினால் 1772. ஆண்டின் கடைசி மாதங்களில் இறந்தவர் என்றால் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் ‘ரா’. கவிழ்த்த லாடம் போன்ற எழுத்து அது. வலது காலின் அடியில் ஒரு சின்னக் கோடு வெளியே நீளும். அந்தக் கோடு இல்லாவிட்டால் அது ‘வோ’ என்ற வேறு எழுத்து, மதிப்பு 600. காலடி பட்டுத் தேயும்போது முதலில் போவது அந்தச் சின்னக் கோடுதான். கூட்டிப் பார்த்துப் பதினான்காம் நூற்றாண்டு வந்தால், கோடு தேய்ந்துவிட்டது என்று பொருள்.

முதல் எழுத்தே நூறுக் கணக்கில் இருந்து, மொத்தம் 157 போல வந்தால், அது பாரசீகத்தின் ஜுல்ஃபா நகர ஆர்மீனிய வணிகர்கள் வைத்திருந்த அசாரியா கணக்காக இருக்கலாம். அதற்கு 1615 கூட்ட வேண்டும். 157 என்றால் அதுவும் 1772-தான்.

படிக்க வேண்டும் என்பதற்காக சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். சுண்ணக்கட்டி துளைக்குள் தங்கிவிடும், எண்ணெயில் தூசி ஒட்டிக் கறுக்கும். பாத்ரூம் ஆசிட் எழுத்தின் ஓரத்தையே தின்றுவிடும். மெல்லிய தூரிகையும் கொஞ்சம் நல்ல தண்ணீரும் போதும். டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில், தரையோடு ஒட்டினாற்போலப் பிடித்து, நான்கு பக்கமிருந்தும் நான்கு படம் எடுங்கள். மேலே இருந்து ஃபிளாஷ் அடித்தால் எழுத்து மறைந்துவிடும்.

தவறாமல் பார்க்க வேண்டியது பாதிரியார் ஹாருத்தியுன் ஷ்மாவோனியானின் கல்லறை. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794-ல் வெளிவந்தது இந்த மதராஸில்தான். அவர் நடத்திய 18 இதழ்களோடு அது 1796-ல் நின்றது. 1824-ல் அவர் மறைந்தார். பத்திரிகைத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறை போய் நிற்க வேண்டிய இடம் அது.

மணியில் தமிழ் எழுத்து இருக்கிறதாமே? (பெரம்பூர் வாசகர்)

இருக்கிறது. கோயிலிலிருந்து தள்ளி நிற்கும் கோபுரத்தில் ஆறு மணிகள். வாயகலம் 21 முதல் 26 அங்குலம், ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ. அவற்றில் பழையது 1754-ஐச் சேர்ந்தது, 1808-ல் மறுபடி வார்க்கப்பட்டது. தமிழ் எழுத்து அதில்தான். 1837 என்று பொறித்த மணியில் லண்டன் வார்ப்பாளர் தாமஸ் மியர்ஸின் பெயர் இருக்கிறது.

மணி வெண்கலத்தில் ஐந்து பங்கில் செம்பு நான்கு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, மீதி தகரம் (வெள்ளீயம்). நாதம் தருவதும் அதுதான், எளிதில் விரிசல் விட வைப்பதும் அதுதான். விரிசல் விட்ட மணியைப் பற்றவைப்பது அந்தக் காலத்தில் ஆகாத காரியம். உருக்கி மறுபடி வார்க்கத்தான் வேண்டும். நாக்கு ஒரே இடத்தில் அடித்து அடித்துக் குழிவதுதான் விரிசலுக்கு முதல் காரணம். உங்கள் ஊர்க் கோயில் மணியிலும் பாருங்கள்: அடிபடும் இடம் குழிந்திருந்தால், மணியைக் கால் சுற்றுத் திருப்பித் தொங்கவிடச் சொல்லுங்கள்.

எப்போது போகலாம்? (திருவள்ளூர் வாசகி)

காலையில். பிற்பகலில் போனால் பெரும்பாலும் கதவு சாத்தியிருக்கும். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கலாம். அதே தெருவில் அந்தோணியார் திருத்தலமுள்ள கத்தோலிக்கப் பேராலயம் இருக்கிறது. பலர் அதற்குள் போய் ஆர்மீனியக் கல்லறையைத் தேடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை அங்கே கூட்டம் நெரியும், அன்றைக்கு வேண்டாம். நேரம் மிஞ்சினால் சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தருகே கோஜா பெத்ருஸ் உஸ்கானின் கல்வெட்டையும் பாருங்கள். 1720-களில் அடையாற்றுக்குக் குறுக்கே மர்மலாங் பாலம் கட்டிக் கொடுத்தவர் அவர். அந்தக் கல்லில் பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் மூன்றும் உண்டு.