வைஃபையில் போகிறது, மொபைல் டேட்டாவில் போகவில்லை: மின்னஞ்சல் சிக்கல்களுக்குப் பதில்கள்

கேள்வி: என் இணையச் சேவை நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியையே பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வீட்டு வைஃபையில் இருக்கும்போது ஸ்மார்ட்போனிலிருந்து மின்னஞ்சல் தடையின்றிப் போகிறது. வெளியே வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால், எனக்கு வருபவை எல்லாம் வந்துவிடுகின்றன. நான் அனுப்புவது மட்டும் அவுட்பாக்ஸிலேயே தங்கிவிடுகிறது. வீடு திரும்பியதும் தானாகவே போய்விடுகிறது. போனை மாற்ற வேண்டுமா?

பதில்: போனை மாற்ற வேண்டியதில்லை, சிம் கார்டையும் மாற்ற வேண்டியதில்லை. மின்னஞ்சல் வருவதும் போவதும் ஒரே வழியில் நடப்பதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். வருவதை ஐமேப் அல்லது பாப் என்ற முறையில் ஒரு சர்வரிடம் போன் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அங்கே ஒவ்வொரு முறையும் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தாக வேண்டும் என்பதால், எந்த நெட்வொர்க்கிலிருந்து கேட்டாலும் அந்தச் சர்வர் பொதுவாக மறுப்பதில்லை. அனுப்புவதோ எஸ்.எம்.டி.பி. என்ற வேறொரு முறையில், பெரும்பாலும் வேறொரு சர்வர் வழியாக நடக்கிறது. 1982இல் அந்த முறை வகுக்கப்பட்டபோது, அனுப்புகிறவர் யார் என்று விசாரிக்கும் ஏற்பாடே அதில் இல்லை. ஸ்பாம் பெருகியபோது, தங்கள் சர்வரைக் கண்டவர்களும் பயன்படுத்தாமல் இருக்க, பல இணையச் சேவை நிறுவனங்கள் ஓர் எளிய விதியை வைத்தன: தங்கள் இணைப்பின் ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வருகிறவர் வாடிக்கையாளர், மற்றவர் எல்லாம் அந்நியர். வீட்டு வைஃபையில் உங்களை வாடிக்கையாளராக ஏற்றுக்கொள்ளும் சர்வர், மொபைல் நிறுவனத்தின் ஐபி முகவரியோடு நீங்கள் வந்து நின்றதும் அந்நியர் என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. பிழைச் செய்தியில் 550 என்ற எண்ணோ 'ரிலேயிங் டினைட்' (உங்கள் மின்னஞ்சலை மேற்கொண்டு அனுப்ப மறுக்கிறேன்) என்ற சொற்களோ இருந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

பிழைச் செய்தி எதுவும் வராமல், அனுப்பும் குறி நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் 'சர்வருடன் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று வந்தால், அது வேறு காரணம். பழைய அமைப்புகளில் அனுப்பும் போர்ட் எண் (சர்வருக்குள் எந்த வாசல் வழியே நுழைவது என்பதைக் குறிக்கும் எண்) 25 என்று இருக்கும். அந்த எண் இன்று ஒரு மின்னஞ்சல் சர்வர் மற்றொரு சர்வரோடு பேசுவதற்கானது. வைரஸ் புகுந்த கருவிகள் அதன் வழியே ஸ்பாமை நேரடியாக அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகப் பல நெட்வொர்க்குகள் வாடிக்கையாளர்களுக்கு அதை அடைத்து வைத்திருக்கின்றன. உங்கள் வீட்டு இணைப்பை நடத்தும் நிறுவனத்தின் சர்வர் அதே நெட்வொர்க்குக்கு உள்ளேயே இருப்பதால், இந்த அடைப்பு வீட்டில் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இரண்டு காரணங்களுக்கும் மருந்து ஒன்றே. பயனர்கள் மின்னஞ்சலை ஒப்படைப்பதற்கென்றே 587 என்ற போர்ட் 1998இல் வகுக்கப்பட்டது. அனுப்புகிறவர் பாஸ்வேர்டு கொடுத்துத் தன்னை உறுதிசெய்யும் முறை அதற்கடுத்த ஆண்டு வந்தது. தொடக்கம் முதலே குறியாக்கத்தோடு (இடையில் யாரும் படிக்க முடியாத வடிவில்) பேசும் 465 என்ற போர்ட்டை 2018இல் வெளியான தரநிலை பரிந்துரைக்கிறது. இந்த இரண்டில் ஒன்றை வைத்து, பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டால், நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைச் சர்வர் பார்க்க வேண்டிய தேவை இராது. நீங்கள் யார் என்பதை மட்டும் பார்க்கும்.

ஐபோனில் மின்னஞ்சல் கணக்கின் அமைப்புகளுக்குள் போய், வெளிச்செல்லும் அஞ்சலுக்கான எஸ்.எம்.டி.பி. பகுதியைத் திறந்து பாருங்கள். கணக்கைப் புதிதாகச் சேர்க்கும்போது, அந்தப் பகுதியில் பயனர் பெயருக்கும் பாஸ்வேர்டுக்கும் உரிய கட்டங்களில் 'விருப்பத்துக்குரியது' என்னும் பொருளில் ஒரு சொல் மங்கலாக எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் அவற்றை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். வீட்டில் எல்லாம் சரியாக நடப்பதால் பிழை வெளியே தெரிவதும் இல்லை. அந்தக் கட்டங்களைக் கட்டாயமானவை என்றே கருதி நிரப்புங்கள். பயனர் பெயர் என்பது பல நிறுவனங்களில் முழு மின்னஞ்சல் முகவரி. ஆண்ட்ராய்டில் ஜிமெயில் செயலியில் வேறு நிறுவனத்தின் கணக்கைச் சேர்த்திருந்தால், வெளிச்செல்லும் சர்வர் பகுதியில் 'உள்நுழைவு தேவை' என்ற பொருளில் ஒரு குறியீட்டுப் பெட்டி இருக்கும். அதில் குறி இட வேண்டும்.

போர்ட் எண்ணை மாற்றும்போது பாதுகாப்பு வகையையும் பொருத்தமாக மாற்றுவது மிக முக்கியம். 465 என்றால் எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ். (தொடக்கம் முதலே குறியாக்கம்), 587 என்றால் ஸ்டார்ட்-டி.எல்.எஸ். (பேச்சு தொடங்கிய பின் குறியாக்கத்துக்கு மாறுவது). இரண்டையும் மாற்றி வைத்துவிட்டால், 465இல் சர்வர் முதலில் பேசும் என்று போனும், போன் முதலில் குறியாக்கத்தைத் தொடங்கும் என்று சர்வரும் ஒன்றையொன்று எதிர்பார்த்துக் காத்திருந்து நேரம் முடிந்து போகும். பார்ப்பவருக்கு அது நெட்வொர்க் கோளாறு போலவே தோன்றும். சர்வரின் பெயருக்குப் பதிலாக ஐபி எண்ணை இட்டிருந்தால் அதையும் பெயராக மாற்றிவிடுங்கள். எண்ணை இட்டால், சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் போகும்.

அமைப்பைச் சேமித்தபின் வீட்டிலேயே சோதிக்கலாம். வைஃபையை அணைத்துவிட்டு, கோப்பு எதையும் இணைக்காத ஒரு வரி மின்னஞ்சலை உங்களுக்கே அனுப்புங்கள். பிறகு, வேறு நிறுவனத்தின் சிம் உள்ள ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து மறுபடி அனுப்புங்கள். இரண்டிலும் போய்விட்டால், இனி எந்த நெட்வொர்க்கிலும் இந்த அமைப்பைத் தொட வேண்டாம்.

சில நண்பர்கள், போகும் இடத்துக்கேற்ப அங்குள்ள நெட்வொர்க்கின் எஸ்.எம்.டி.பி. சர்வரை மாற்றி இடும்படி யோசனை சொல்வார்கள். ஒரு காலத்தில் அது பயன்பட்ட வழிதான். இன்று அதை நான் உறுதியாக வேண்டாம் என்பேன். உங்கள் முகவரியின் பெயரில் எந்தெந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்பதை அந்த முகவரிக்குரிய நிறுவனம் எஸ்.பி.எஃப். என்ற பதிவின் மூலம் அறிவிக்க முடியும். அந்தப் பட்டியலில் இல்லாத சர்வரிலிருந்து வந்தால், பெறுகிறவரின் ஸ்பாம் பெட்டிக்குள் விழும் வாய்ப்பு அதிகம். கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் இத்தகைய சரிபார்ப்பை இன்னும் கண்டிப்பாக்கியிருக்கின்றன. போகாத மின்னஞ்சலாவது அவுட்பாக்ஸில் கண்ணுக்குத் தெரியும். போய்விட்டது என்று நம்பியிருக்க, எதிர்த்தரப்பில் எவரும் பார்க்காமல் கிடப்பது அதைவிடக் கேடு. உங்கள் நிறுவனம் 587, 465 ஆகிய இரண்டில் எதையும் வெளி நெட்வொர்க்கிலிருந்து அனுமதிப்பதில்லை என்று திட்டவட்டமாகச் சொன்னால், முகவரியை வேறு சேவைக்கு மாற்றிக்கொள்வதே நிரந்தரத் தீர்வு.

கேள்வி: எனக்கு நேர்மாறான தொல்லை. மொபைல் டேட்டாவில் எல்லாம் போகிறது. அலுவலகத்தின் விருந்தினர் வைஃபையிலும் விடுதிகளின் வைஃபையிலும் மட்டும் போவதில்லை. ஒருமுறை 'சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்க முடியவில்லை' என்றுகூட வந்தது. 'தொடர்க' என்பதை அழுத்தலாமா?

பதில்: அழுத்தக் கூடாது. பொது வைஃபையில் இந்த எச்சரிக்கை வந்தால், உங்கள் போனுக்கும் சர்வருக்கும் இடையில் வேறு ஏதோ ஒன்று நின்று பதில் சொல்கிறது என்று பொருள்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது வைஃபையின் உள்நுழைவுப் பக்கமாகவோ அலுவலகத்தின் ஃபயர்வாலாகவோ (நெட்வொர்க்கின் காவல் அமைப்பு) இருக்கும்; ஆனால் பாஸ்வேர்டைப் பறிக்கக் காத்திருக்கும் ஒருவராகவும் இருக்கலாம், திரையைப் பார்த்து அதைப் பிரித்தறிய முடியாது. முதலில் பிரவுசரைத் திறந்து ஏதாவது ஒரு தளத்துக்குப் போய்ப் பாருங்கள். அறை எண்ணையோ அலைபேசி எண்ணையோ கேட்கும் பக்கம் வந்தால், அதை முடித்த பிறகுதான் மற்ற இணைப்புகள் திறக்கும். போனின் தேதியும் நேரமும் தவறாக இருந்தாலும் சான்றிதழ் காலாவதியானதாகத் தோன்றி இதே எச்சரிக்கை வரும். ஆனால் அந்தக் கோளாறு எல்லா நெட்வொர்க்கிலும் இருக்கும் என்பதால், உங்கள் விஷயத்தில் அது காரணமாக இருக்க வாய்ப்பில்லை.

உள்நுழைந்த பிறகும் போகவில்லை என்றால், அந்த நெட்வொர்க் மின்னஞ்சல் போர்ட்டுகளையே அடைத்திருக்கிறது. அங்கே உங்கள் அமைப்பில் திருத்த ஒன்றுமில்லை. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அனுப்புங்கள். அல்லது பிரவுசர் வழியாக உங்கள் மின்னஞ்சல் தளத்துக்குள் போய் அனுப்புங்கள், ஏனெனில் இணையதளங்களுக்கான 443 போர்ட்டை அடைத்துவிட்டு யாரும் வைஃபை நடத்த முடியாது. விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் வசதி) பயன்படுத்துகிறவர்கள் அதை அணைத்தும் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். சில மின்னஞ்சல் சர்வர்கள் விபிஎன் முகவரிகளை நம்புவதில்லை.

கேள்வி: நாலு வரி எழுதினால் எங்கிருந்தும் போகிறது. படங்களை இணைத்தால் பயணத்தில் போவதே இல்லை. சில நேரம் ஒரே மின்னஞ்சல் இரண்டு, மூன்று முறை போய்ச் சேர்ந்து, பெறுகிறவர் கோபித்துக்கொள்கிறார்.

பதில்: இரண்டு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான். மின்னஞ்சலில் இணைக்கும் கோப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டே அனுப்பப்படுகிறது. அந்த மாற்றத்தில் ஒவ்வொரு 3 பைட்டும் 4 ஆகிறது. 15 எம்பி படங்கள் 20 எம்பியைத் தாண்டிவிடும். சர்வரின் வரம்பு 20 எம்பி என்றால், 552 என்ற எண்ணோடு அது திரும்பும். வரம்புக்குள் இருந்தாலும், நீங்கள் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும் கணத்தில் போனின் ஐபி முகவரி மாறி இணைப்பு அறுந்துவிடுகிறது. பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி வழக்கமான மின்னஞ்சல் அனுப்புதலில் இல்லை. முதல் பைட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பெரிய கோப்பு முழுவதுமாகப் போய் முடியும் வாய்ப்பே கிடைக்காமல் போகிறது.

இனி இரட்டிப்பு. போன் முழு மின்னஞ்சலையும் கொடுத்து முடித்த பிறகு, சர்வர் 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு பதில் அனுப்பும். அந்தப் பதில் வந்து சேருவதற்குள் சிக்னல் போய்விட்டால், சர்வரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. போனைப் பொறுத்தவரை முடியவில்லை. ஆகவே போன் மறுபடி அனுப்புகிறது. இந்த இடைவெளியை 1988இலேயே இணையத் தரநிலைகளை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், ஆகவே உங்கள் போனைக் குறை சொல்வது நியாயமாகாது. படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றி, இணைப்பு முகவரியை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். இணைத்தே ஆக வேண்டுமென்றால் அளவைக் குறைத்து, ஒரே நெட்வொர்க்கில் நிலையாக இருக்கும்போது அனுப்புங்கள். அவுட்பாக்ஸில் ஒன்று தேங்கி நின்றால், அதைத் திரும்பத் திரும்பத் தட்டாமல், 'அனுப்பியவை' பகுதியில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டை மாற்றிய நாளிலிருந்து எந்த நெட்வொர்க்கிலும் அனுப்ப முடியவில்லை. வருவது மட்டும் வருகிறது.

பதில்: இது நெட்வொர்க் சம்பந்தப்பட்டதே அல்ல. மின்னஞ்சல் பெறுவதற்கும் அனுப்புவதற்கும் பாஸ்வேர்டு தனித்தனியே சேமிக்கப்பட்டிருக்கும். போன் கேட்டபோது நீங்கள் புதியதைக் கொடுத்தது பெறும் பகுதிக்கு மட்டும். வெளிச்செல்லும் சர்வர் பகுதியில் பழையது அப்படியே இருக்கிறது. அங்கே மாற்றினால் போதும். பிழைச் செய்தியில் 535 என்ற எண் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஜிமெயில் கணக்கை வேறொரு மின்னஞ்சல் செயலியில் பாஸ்வேர்டு மட்டும் கொடுத்துச் சேர்த்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. கூகுள் அந்த வழியைத் தனிப்பட்ட கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் மூடத் தொடங்கியது. கூகுளின் உள்நுழைவுத் திரை வழியாகக் கணக்கை மறுபடி சேர்க்க வேண்டும். அது இயலாத பழைய செயலி என்றால், இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, கூகுள் தரும் 16 எழுத்துச் செயலிப் பாஸ்வேர்டை இட வேண்டும்.

கேள்வி: வைஃபை இல்லாதபோது என் மின்னஞ்சல் செயலி அனுப்புவதும் இல்லை, பெறுவதும் இல்லை. மற்ற எல்லாச் செயலிகளும் வேலை செய்கின்றன.

பதில்: இரண்டும் நின்றுபோனால் சர்வரையும் போர்ட்டையும் ஆராய வேண்டாம். ஐபோனில் மொபைல் டேட்டா அமைப்பில் செயலிகளின் பட்டியல் இருக்கும். மின்னஞ்சல் செயலிக்கு எதிரே உள்ள சுவிட்ச் அணைந்திருக்கும், அதை இயக்குங்கள். ஆண்ட்ராய்டில் அந்தச் செயலியின் டேட்டா பயன்பாட்டுப் பகுதியில் பின்னணி டேட்டா அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்றும், டேட்டா சேமிப்பு வசதி இயங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.